'தி கலிலியோ செவன்': 500 பவுண்டு கணக்கு தேறுமா? ஸ்பாக் சறுக்கியது எங்கே?

முரசாகி312 கேட்டது:

ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கற்பனைத் தொலைக்காட்சி வரிசையின் முதல் தொடரில் 1967 ஜனவரி 5 அன்று ஒளிபரப்பான 'தி கலிலியோ செவன்' அத்தியாயம் பற்றி மூன்று சந்தேகங்கள். பார்க்க விறுவிறுப்பாக இருக்கிறது, ஆனால் முடிந்ததும் ஏதோ இடறுகிறது.

பார்த்து நாளாகியிருந்தால் கதைச் சுருக்கம் இது. நியூ பாரிஸ் குடியேற்றத்துக்கு மருந்து கொண்டுபோகும் என்டர்ப்ரைஸ் கப்பல், வழியில் முரசாகி 312 என்ற குவேசார் (வெகு தூரத்தில் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்பொருள்) போன்ற ஒன்றை ஆராய நிற்கிறது. ஸ்பாக் (குழுத் தலைவர், எதையும் தர்க்கத்தால் அளப்பவர்), மெக்காய் (மருத்துவர்), ஸ்காட் (பொறியாளர்), போமா, கேட்டானோ, லாட்டிமர், மியர்ஸ் என்று ஏழு பேருடன் கலிலியோ என்ற சிறு ஷட்டில் கிளம்பி, டாரஸ் 2 என்ற கோளில் விழுந்துவிடுகிறது. வெளியே ஈட்டி எறியும் ராட்சத உயிரினங்கள். மேலே, கிளம்பச் சொல்லிக் கப்பல் தலைவர் கர்க்கை நச்சரிக்கும் ஆணையர் ஃபெரிஸ்.

1. மேலே எழும்ப 500 பவுண்டு எடையைக் குறைக்க வேண்டும் என்கிறார் ஸ்காட். விண்மீன்களுக்கு நடுவே போகும் கப்பலின் ஷட்டிலுக்கு 227 கிலோ ஒரு பொருட்டா?

2. எரிபொருள் முழுவதும் கசிந்து போகிறது. ஃபேசர் துப்பாக்கிகளின் ஆற்றலை இழுத்து அதற்குப் பதிலாகப் போடுகிறார் ஸ்காட். மேலே போனபின், கடைசியில் ஸ்பாக் கப்பலுக்குச் சைகையாக 'எரிபொருளை' வெளியே கொட்டிக் கொளுத்துகிறார். அப்படியானால் கொட்டியது எதை?

3. ஸ்பாக்கின் தர்க்கம் தோற்றது என்று அத்தியாயம் சொல்கிறது. உண்மையில் தோற்றது தர்க்கம்தானா?

---

சுற்றுப்பாதை எழுதியது:

முதல் கேள்வியிலிருந்து வருகிறேன். இந்த அத்தியாயத்தில் என்னை மிகவும் ஈர்த்தது அந்த 500 பவுண்டுதான். 1960-களின் தொலைக்காட்சியில் எடை என்ற ஒன்று கதையை இவ்வளவு தூரம் இழுத்துச் செல்வது அபூர்வம்.

பூமி போன்ற கோள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாழ்வான சுற்றுப்பாதைக்கு நொடிக்கு 7.8 கி.மீ. வேகம் வேண்டும். காற்றின் தடையிலும் ஈர்ப்பை எதிர்ப்பதிலும் போவதைச் சேர்த்தால் சுமார் 9.4. வேதியியல் ராக்கெட்டில் நல்லதாகச் சொன்னால் வாயு வெளியேறும் வேகம் நொடிக்கு 4.5 கி.மீ. 9.4-ஐ 4.5-ஆல் வகுத்து, அதை e (சுமார் 2.718) என்ற எண்ணின் அடுக்காகப் போட்டால் ஏறக்குறைய 8 வருகிறது. அதாவது மேலே போய்ச் சேரும் ஒவ்வொரு கிலோவுக்கும் 7 கிலோ எரிபொருள் எரிந்திருக்கும். 227 கிலோவைக் குறைத்தால் கிட்டத்தட்ட 1,600 கிலோ எரிபொருள் மிச்சம். இது ஒரு பொருட்டுதான், அதுவும் பெரிய பொருட்டு.

ஆனால் வெளியேறும் வேகம் நொடிக்கு 20 கி.மீ. என்று வையுங்கள். விகிதம் 1.6-க்கு இறங்கிவிடும். 227 கிலோவுக்கு மிச்சமாவது 140 கிலோ கூட இல்லை. எஞ்சின் உயர்ந்ததாக இருக்க இருக்க, ஆளை இறக்கிவிடும் பேச்சுக்கே இடம் குறைகிறது. ஆகவே ஸ்காட்டின் எண் நம்பும்படி இருக்க வேண்டுமென்றால், கலிலியோவின் பிரதான உந்துவிசை போய்விட்டது, வேதியியல் ராக்கெட்டுக்கு நெருக்கமான ஏதோ ஒன்றில்தான் எழும்பப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். விபத்தில் விழுந்த வண்டி, எரிபொருளும் குறைந்துவிட்டது என்பதால் இது பொருந்துகிறது. வசனத்தில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

ஸ்காட் எண்ணைச் சொன்னதும், மூன்று ஆட்களின் எடை என்று ஸ்பாக் மொழிபெயர்க்கிறார். அதே எடைக்குக் கருவிகளையும் கழற்றலாம் என்று மெக்காய் திருத்துகிறார். நல்ல காட்சி. ஆனால் பின்னால் கதையாசிரியர்கள் இந்தக் கணக்கிலிருந்து நழுவிவிட்டார்கள். லாட்டிமரும் கேட்டானோவும் ஈட்டிக்காரர்களிடம் இறக்கிறார்கள். ஆளுக்கு 75 கிலோ என்றால் 150 போயிற்று. மிச்ச 77 கிலோ இருக்கை, தடுப்புப் பலகை, கருவிகள் என்று கழன்றுவிடும். யாரை விட்டுப்போவது என்ற முடிவை ஸ்பாக் எடுக்க வேண்டிய கட்டத்தை மரணங்களே தீர்த்துவிடுகின்றன. அந்த முடிவை அவர் உண்மையிலேயே எடுக்கும்படி விட்டிருந்தால் இது முதல் வரிசை அத்தியாயமாக இருந்திருக்கும்.

---

ஈட்டிமுனை எழுதியது:

மூணாவது கேள்விக்கு என் பதில்: தோத்தது தர்க்கம் இல்ல, எழுத்து. ஸ்பாக்கை மடக்கணும்னு முன்னாடியே தீர்மானிச்சுட்டு, அதுக்கு ஏத்த மாதிரி மத்தவங்களை வளைச்சிருக்காங்க.

போமாவைப் பாருங்க. நட்சத்திரக் கப்பல்ல வேலை பார்க்கிற விஞ்ஞானி, கட்டளைத் தலைவர்கிட்ட அத்தியாயம் முழுக்க எரிஞ்சு விழறார். செத்தவங்களைப் புதைக்கணும்னு கேட்கிறது நியாயம்தான். ஆனா வெளியே ஈட்டி பறக்குது, மேலே கப்பல் கிளம்பப் போகுது, அந்த நேரத்துல எத்தனை தடவை? போமாவா டான் மார்ஷல் நல்லா நடிச்சிருக்கார், அதனால கோபம் உண்மையா படுது. பாத்திரத்துக்குத்தான் வேற வேலையே கொடுக்கல.

ஆனா ஸ்பாக் பண்ணின நிஜமான தப்பு ரெண்டு இருக்கு. அது ரெண்டையும் அத்தியாயம் பெருசா பேசவே இல்ல.

ஒண்ணு, பயமுறுத்தல் திட்டம். கேட்டானோவும் போமாவும் கொல்லச் சொல்றாங்க. ஸ்பாக் மறுத்து, பக்கத்துல சுட்டுப் பயமுறுத்துங்கன்னு சொல்றார். நம்ம ஆயுதத்தைப் பார்த்தா அடங்கிடும்ங்கிறது அவர் கணக்கு. அதுங்க அடங்கல, கோபப்பட்டு மறுபடி வருதுங்க. மதிக்கிறதே அறிவு சம்பந்தப்பட்ட விஷயம், அதுங்க உணர்ச்சியால எதிர்வினை செய்யும்னு தோணலையான்னு மெக்காய் கேட்கிற இடம் இருக்கே, முழு அத்தியாயத்துலயும் கூர்மையான பேச்சு அதுதான். கொல்லாம விட்டது சரி. ஒரே ஒரு விளைவை நம்பி, அது தப்பினா என்னங்கிறதுக்குத் திட்டம் வைக்காம விட்டதுதான் தப்பு. அது உணர்ச்சி இல்லாத குறை இல்ல, தர்க்கமே பாதியில நின்ன குறை.

ரெண்டு, கேட்டானோவைத் தனியா காவலுக்கு நிறுத்தினது. மூடுபனி, பத்தடிக்கு மேல கண்ணு தெரியல, ஏற்கனவே ஒருத்தர் செத்தாச்சு. இந்த நிலைமைல ஒத்தை ஆளைக் காவலுக்கு விடக் கூடாது. குறைஞ்சது ரெண்டு பேர், ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியற தூரத்துல. தர்க்கம் பேசறவர் முதல்ல யோசிச்சிருக்க வேண்டியது இது. அப்புறம் கேட்டானோ உடலைத் தேடி அவரே தனியா போய்த் தூக்கிட்டு வரார். முதுகுக்குப் பின்னாடி ஈட்டி விழுது, திரும்பிக்கூடப் பார்க்காம நடக்கிறார். ஸ்பாக்கா நடிச்ச நிமோய் அந்த நடையிலேயே எல்லாத்தையும் சொல்லிடறார்.

இன்னொரு விஷயம். லாட்டிமர் முதுகுல பாய்ஞ்ச ஈட்டியைப் பார்த்து ஃபோல்சம் முனைன்னு பேசிக்கிறாங்க. நியூ மெக்சிகோவுல ஃபோல்சம்ங்கிற ஊர்ப் பக்கத்துல 1920-கள்ல தோண்டி எடுத்த கல்முனை அது. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும், மெல்லிசு, ரெண்டு பக்கமும் நடுவுல பள்ளம் செதுக்கியிருக்கும். கல் வேலையில அதைவிட நுணுக்கமானது ரொம்பக் கம்மி. படத்துல இருக்கிறதோ உலக்கை மாதிரி தடியான ஈட்டி. பேரை எங்கேயோ படிச்சுட்டுப் போட்டிருக்காங்க, பொருளைப் பார்க்கல.

---

முரசாகி312:

காவல் விஷயம் இதுவரை என் கண்ணில் படவில்லை. நன்றி. ஆனால் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. ஃபேசர் துப்பாக்கிகளில் அவ்வளவு ஆற்றல் இருக்குமா? இருந்தாலும் ஆற்றலை எப்படிக் கொட்டுவது?

---

சுற்றுப்பாதை:

முதல் பாதிக்குக் கணக்கு உண்டு. நொடிக்கு 7.8 கி.மீ. வேகத்தில் போகும் ஒரு கிலோவின் இயக்க ஆற்றல் சுமார் 30 மெகாஜூல். ஷட்டிலின் எடையைத் திரையில் சொல்வதில்லை. 10 டன் என்று வைத்தால் 300 கிகாஜூல், அதாவது 70 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சற்று மேல். ஆறு துப்பாக்கிகளில் இதைப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 12 டன் டிஎன்டி அடைந்திருக்க வேண்டும்.

கேட்க அபத்தமாகத் தெரியலாம். ஆனால் இதற்கு நான்கு வாரம் முன்பு, 1966 டிசம்பர் 8 அன்று வந்த 'தி கான்ஷியன்ஸ் ஆஃப் தி கிங்' அத்தியாயத்தில் கர்க்கின் அறையில் ஒளித்துவைத்த ஒரே ஒரு ஃபேசர் வெடித்தால் அந்தத் தளமே போய்விடும் என்ற பதற்றம் வரும். 12 டன் டிஎன்டி அதற்குப் பொருத்தமான அளவுதான். தொடரின் சொந்த அளவுகோலில் ஸ்காட்டின் யோசனை நிற்கிறது.

இடறுவது இரண்டாவது பாதியில். ராக்கெட்டுக்கு ஆற்றல் மட்டும் போதாது, பின்னால் தள்ளிவிட ஒரு பொருளும் வேண்டும். ஃபேசர் தருவது ஆற்றல். பொருள் எங்கிருந்து வந்தது? வசனத்தில் 'மாற்று எரிபொருள்' என்று ஒரே சொல்லில் இரண்டையும் குழைத்துவிட்டார்கள். அந்தக் குழப்பம்தான் கடைசியில் கொளுத்தும் இடத்தில் வெளியே தெரிகிறது.

கதையைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. எரிபொருள் குழாய் உடைந்து போனது பிரதான உலைக்கானது. மேலெழும்பும்போது உயிரினங்கள் ஷட்டிலைப் பிடித்துக்கொண்டதால் அவர்கள் இயக்கிய பூஸ்டர்கள் (கூடுதல் உந்துகருவிகள்) வேறு. அவற்றுக்கென்று தனித் தொட்டி இருந்து, அதில் மிஞ்சியதைத்தான் கொட்டினார்கள் என்றால் எல்லாம் பொருந்தும். இது நான் ஒட்டும் ஒட்டு. திரையில் இல்லை.

வெற்றிடத்தில் எரியுமா என்ற கேள்வி இதோடு சேர்ந்தே வரும். எரியும். அப்போலோவின் பிரதான எஞ்சினில் ஏரோசீன் 50, நைட்ரஜன் டெட்ராக்சைடு என்று இரண்டு திரவங்கள். ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும், காற்று தேவையில்லை. தூரத்திலிருந்து தெரியுமா என்பதற்கும் சான்று இருக்கிறது. நிலாவுக்குப் போன அப்போலோ பயணங்களில் ராக்கெட்டின் எஸ்-4பி என்ற மூன்றாம் அடுக்கு மிச்ச எரிபொருளை வெளியே விட்டபோது, சூரிய ஒளி பட்டு அது மேகம்போலப் பூமியிலிருந்தே தெரிந்தது. கொளுத்தக்கூடத் தேவைப்படவில்லை.

ஒரே ஒரு திருத்தம். கொட்டிய எரிபொருள் ஷட்டிலுக்குப் பின்னால் நீண்ட கோடாக நிற்காது. அதுவும் அதே வேகத்தில் கூடவே ஓடிக்கொண்டு, எல்லாப் பக்கமும் விரியும். கோடாகத் தெரிய வேண்டுமானால் வளிமண்டலத்தின் மேல்விளிம்பு பின்னுக்கு இழுக்க வேண்டும். கலிலியோவின் பாதை சரிந்துகொண்டிருந்தது என்பதால் அந்த இழுவை இருந்திருக்கும். பூமியில் 150 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 88 நிமிடம் ஆகும். அந்த உயரத்துக்குக் கீழே எஞ்சினை நிறுத்தினால் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. மிச்ச எரிபொருள் தீர்ந்ததும் கீழே விழுவோம் என்று அவர்கள் பேசுவதில் தவறில்லை.

இப்போது ஈட்டிமுனை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எரிபொருளை வைத்திருந்தால் கொஞ்ச நேரம் கழித்து எல்லாரும் சாவார்கள். மெதுவாகத் தரையிறங்கும் அளவுக்கு அது போதாது. கொளுத்தினால் சாவு சீக்கிரம் வரும், ஆனால் யாராவது பார்க்கச் சிறு வாய்ப்பு உண்டு. எந்தக் கணக்கில் போட்டாலும் இரண்டாவதுதான் சரி. இதை 'உணர்ச்சிவசப்பட்ட முடிவு' என்று மெக்காயும் கர்க்கும் கொண்டாடுவதை ஏற்க முடியவில்லை. அத்தியாயத்திலேயே மிகச் சுத்தமான தர்க்க முடிவு அதுதான். சைகை கண்ணில் பட்டதற்குக் காரணம் கர்க், ஃபெரிஸ் கிளம்பச் சொன்னபின் வார்ப் (ஒளியை மிஞ்சும் வேகம்) போகாமல் சாதாரண வேகத்தில் ஊர்ந்துபோனது. ஏதோ உள்ளுணர்வில் நம்பிக்கையைக் கைவிடாத கர்க்கும், கடைசிக் கணக்கைப் போட்ட ஸ்பாக்கும் அங்கே சந்திக்கிறார்கள். அதைச் சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பதில் கப்பலின் கட்டுப்பாட்டுத் தளத்தில் எல்லாரும் நிறுத்தாமல் சிரிக்கிறார்கள். கீழே இரண்டு பேரைப் பறிகொடுத்துவிட்டு வந்த நாளில்.

---

ஈட்டிமுனை:

அந்தச் சிரிப்பைப் பத்தி நானும் எழுத நினைச்சேன். ரெண்டு பேர் மட்டும் இல்ல. கெலோவிட்ஸ் தலைமைல தேடப்போன குழுவுலயும் ஓர் ஆள் செத்திருக்கார். அவர் கணக்குலயே வரல.

பூஸ்டர் தனித் தொட்டி ஒட்டு நல்லா இருக்கு, ஏத்துக்கறேன். மின்சாரம் பாய்ச்சற இடத்தையும் இதே மாதிரி காப்பாத்தலாம். உயிரினம் மேல ஏறிக் கல்லால இடிக்கும்போது பேட்டரியை வெளி உடலோட இணைச்சு ஷாக் கொடுக்கிறாங்க. உள்ளே இருக்கிறவங்க ஓரத்தைத் தொடாம நடுவுல நிக்கணும். உலோகக் கூட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கு அடிக்காதுங்கிறது சரி. ஆனா ஷட்டில் தரையில உட்கார்ந்திருக்கு. உடல் முழுக்க ஒரே மின்னழுத்தம்னா அது நேரா மண்ணுக்குள்ள ஓடிடும், மேல ஏறி நிக்கிற உயிரினத்துக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டு தகடுகளைத் தனித்தனியா பிரிச்சு, ஒண்ணுல நேர், இன்னொண்ணுல எதிர்னு கொடுத்தாத்தான் கையும் காலும் வெவ்வேற தகட்டுல படும்போது அடிக்கும்.

ஃபெரிஸ் விஷயத்தை யாரும் தொடல. மருந்தைக் கைமாத்தற இடம் மாக்கஸ் 3. அங்கே போக மூணு நாள், கைமாத்தறது அஞ்சாவது நாள். ஆக, கையில ரெண்டு நாள். இந்தக் கணக்கைக் கர்க் ஆரம்பத்துலயே சொல்லிடறார். அதுக்கப்புறம் ஃபெரிஸ் மணிக்கொரு தரம் வந்து அதையே நினைவுபடுத்தறார். கடிகாரத்துக்குக் கை கால் முளைச்ச மாதிரி. கொள்ளைநோயில சாகறவங்க பக்கம் நின்னு பேசறவர் அவர் ஒருத்தர்தான், அவர் பக்கம் நியாயமும் இருக்கு. அதை ஒரு தடவையாவது உருக்கமா சொல்ல விட்டிருக்கலாம்.

குவேசார் பத்தி ஒரு வரி. குவேசார்ங்கிற பேரே 1964-ல வந்ததுதான். 3சி 273-ங்கிற குவேசார் ரொம்ப ரொம்ப தூரத்துல இருக்குன்னு 1963-ல மார்ட்டன் ஷ்மிட் கண்டுபிடிச்சார். நம்ம விண்மீன் மண்டலத்துக்குள்ள (பால்வெளிக்குள்ள) குவேசாரை வைக்க முடியாது. 'குவேசார் போன்ற'ன்னு எழுதினவர் அந்த ஒரு சொல்லால தப்பிச்சுட்டார்.

---

அட்டைமாடல் எழுதியது:

ஷட்டிலின் அளவைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த அத்தியாயத்தின் பெரிய சிறப்பும் பெரிய ஓட்டையும் அதுதான்.

தொடர் தொடங்கியபோது ஷட்டில் கட்டப் பணம் இல்லை. 1966 அக்டோபரில் வந்த 'தி எனிமி விதின்' அத்தியாயத்தில் என்டர்ப்ரைஸின் சூலுவும் மற்றவர்களும் ஒரு கோளில் சிக்கிக் குளிரில் விறைக்கும்போது ஷட்டிலை அனுப்பலாமே என்று யாருக்கும் தோன்றாததற்குக் காரணம் இதுவே. பிறகு ஏஎம்டி என்ற மாடல் நிறுவனம், பிளாஸ்டிக் மாடல் விற்கும் உரிமைக்கு ஈடாக முழு வெளிவடிவத்தையும் கட்டித்தந்தது. தாமஸ் கெல்லாக் வடிவமைத்தார், ஜீன் வின்ஃபீல்ட் கட்டினார். பக்கவாட்டில் என்சிசி-1701/7 என்று எழுதியிருக்கும். தலைப்பின் 'செவன்' ஏழு பேரையும் குறிக்கும், இந்த எண்ணையும் குறிக்கும்.

நான்கு சூரிய மண்டலங்களுக்கு நடுவே 24 அடி ஷட்டிலைத் தேட வேண்டும் என்று கர்க் சொல்கிறார். படப்பிடிப்புக்குக் கட்டிய வெளிவடிவம் அதையும்விடக் கொஞ்சம் சிறியது, சுமார் 22 அடி. உட்புறம் தனி செட். அங்கே ஆறடி நிமோய் நிமிர்ந்து நடக்கிறார், பின்னால் தனி அறை வேறு. வெளிவடிவத்துக்குள் அப்படி நிற்கவே முடியாது. உள்ளே காட்டுவது உள்ளே அடங்க வேண்டுமானால் வெளிவடிவத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்க வேண்டும்.

எரிந்து சாம்பலான கலிலியோ, 1967 நவம்பரில் 'மெட்டமார்ஃபசிஸ்' அத்தியாயத்தில் அதே பெயரோடும் எண்ணோடும் திரும்ப வருகிறது. 1969-இல் 'தி வே டு ஈடன்' அத்தியாயத்தில்தான் கலிலியோ 2 என்று பெயர் மாறியது. தொடர் முடிந்தபின் அந்த வெளிவடிவம் பல பத்தாண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து உளுத்தது. 2012-இல் ஏலத்தில் எடுத்துச் சீரமைத்தார்கள். 2013 ஜூலை முதல் ஹூஸ்டன் விண்வெளி மையத்தில் இருக்கிறது.

---

முரசாகி312:

கடைசியாக ஒன்று. 1/32 அளவில் வெளி உடலைச் செய்து, கதவைத் திறந்தால் ஏழு பேரும் தெரியும்படி வைக்க முடியுமா? அந்த மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் பல்லிளிக்குமே?

---

அட்டைமாடல்:

வைக்கலாம். ஆனால் 1/32 உருவங்களை வைக்காதீர்கள். 24 அடி ஷட்டில் 1/32-இல் சுமார் 23 செ.மீ. நீளம். ஆறடி ஆள் 5.7 செ.மீ. நிறுத்தினால் தலை கூரையில் இடிக்கும். 1/35 ராணுவ மாடல் உருவங்கள் எளிதாகக் கிடைக்கின்றன, அதில் ஆறடி ஆள் 5.2 செ.மீ. பார்ப்பவர் கண்ணுக்கு அரை செ.மீ. குறைவு தெரியாது, கூரைக்கோ அது பெரிய இடம். கதவுக்கு வெளியே நிற்கும் ஒருவரை மட்டும் 1/32-இல் வைத்து, உள்ளே இருப்பவர்களை 1/35-இல் வைத்தால் உட்புறம் இன்னும் ஆழமாகத் தோன்றும். இரண்டு அளவு உருவங்களும் அருகருகே வந்துவிடக் கூடாது, வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எல்லாரையும் உட்கார வையுங்கள். இருக்கையின் அடித்தண்டை 2 அல்லது 3 மி.மீ. வெட்டிவிட்டால் தோள்மட்டம் ஜன்னலுக்குக் கீழே இறங்கும். நின்றே ஆக வேண்டுமென்றால் ஸ்காட்டைத் தேர்ந்தெடுங்கள். தரைத்தகட்டைத் திறந்து குனிந்து வேலை செய்பவராக வைத்தால் உயரப் பிரச்சினையே வராது. பின் அறையைக் கட்டவே வேண்டாம். கதவு திறந்திருக்கும் கோணத்தில் அது தெரியாது. அங்கே கறுப்பு அட்டை ஒன்றை நிறுத்தினால் போதும்.